தொப்பையிலிருந்து மூக்கு வரை

பத்து கிலோ இளைத்து வந்தவரிடம் எல்லோரும் கேட்பது, "எப்படி இளைச்சீங்க?" என்றுதான். அந்தப் பத்து கிலோ எங்கே போயிற்று என்று கேட்பவரைக் காணோம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் அதைக் கேட்டார்கள். அதுவும் மருத்துவர்கள், உணவு ஆலோசகர்கள், உடற்பயிற்சி சொல்லித் தருபவர்கள் என்று இதையே தொழிலாகக் கொண்டவர்களிடம். பெரும்பாலானவர்கள், கொழுப்பு எரிந்து சக்தியாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது என்றார்கள். மலத்தோடு போகிறது என்றவர்களும் தசையாக மாறிவிடுகிறது என்றவர்களும் இருந்தார்கள்.

எதுவும் சரியில்லை. ஒரு பொருள் எரிந்தால் அதன் அணுக்கள் காணாமல் போய்விடாது; எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். 2014 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, உடலில் 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிவதற்கு நாம் 29 கிலோ ஆக்சிஜனை உள்ளே இழுக்க வேண்டும். எரிந்து முடிந்ததும் அந்தப் பத்து கிலோவில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சோடு வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. ஆக, தொப்பை கரைவது மூக்கு வழியாக.

கணக்கு எளிது, வழிதான் நீளம். இடுப்பு மடிப்பில் அடைந்து கிடக்கும் கொழுப்பு மூச்சுக்காற்றாக மாற வேண்டுமென்றால், தான் இருக்கும் செல்லை விட்டு வெளியே வந்து, ரத்தத்தில் மிதந்து, இதயத்திலோ தொடையிலோ உள்ள இன்னொரு செல்லுக்குள் நுழைந்து, அங்கே செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளையும் தாண்டி உள்ளே போயாக வேண்டும். சேர்த்து வைப்பதில் உடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பது கண்ணாடி முன்னால் நின்றாலே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், சேர்த்ததை எடுத்துக் கொடுப்பதில்தான் அதன் நிஜமான சாமர்த்தியம் இருக்கிறது. அந்த வழியில் ஒரே ஒரு கதவு அடைபட்டாலும் போதும், கிலோக்கணக்கில் கையிருப்பை வைத்துக்கொண்டே உடல் பட்டினியில் விழும்.

முதலில், உடல் ஏன் கொழுப்பைத் தேர்ந்தெடுத்தது? ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 9 கிலோ கலோரி இருக்கிறது, மாவுச்சத்தில் 4. வித்தியாசம் இதோடு நிற்பதில்லை. கல்லீரலும் தசைகளும் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகக் கோத்து வைக்கின்றன. கிளைக்கோஜன் தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கொழுப்புக்கோ தண்ணீரே ஆகாது. 10 கிலோ கொழுப்பில் உள்ள சக்தியைக் கிளைக்கோஜனாகச் சுமப்பதென்றால், அதன் தண்ணீரோடு சேர்த்து 90 கிலோ வந்துவிடும். பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை அலாஸ்காவிலிருந்து தெற்கே பசிபிக் பெருங்கடலைக் கடக்கிறது. 2022-இல் கருவி பொருத்தி அனுப்பிய ஓர் இளம் மூக்கன், 13,560 கிலோமீட்டரை 11 நாளில் பறந்து டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. வழியில் எங்கும் இறங்கவில்லை, தின்னவில்லை, குடிக்கவில்லை. புறப்படும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. கிளைக்கோஜனை நம்பியிருந்தால் அதனால் தரையை விட்டே எழும்பியிருக்க முடியாது.

தண்ணீரை அண்டவிடாத அந்தக் குணம் சேமிப்புக்கு வசதி, போக்குவரத்துக்குத் தலைவலி. ரத்தமும் தண்ணீர், செல்லுக்குள் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர். அதைவிட மோசம், கொழுப்பு அமிலம் தனியாகத் திரிந்தால் செய்யும் சேதம். நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் உப்புதான். செல்லின் சவ்வுகள் எல்லாம் கொழுப்பு வகைப் பொருளால் ஆனவை. அவற்றுக்கு நடுவே கட்டுக்கடங்காத கொழுப்பு அமிலத்தை விட்டால் சவ்வுகள் இளகி ஓட்டை விழும். அதனால் செல் எந்தக் கொழுப்பு அமிலத்தையும் தனியே விட்டுவைப்பதில்லை. மூன்று மூன்றாக ஒரு கிளிசராலோடு சேர்த்துக் கட்டி டிரைகிளிசரைடாக ஆக்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்லோரும் கவலையோடு தேடும் அதே டிரைகிளிசரைடுதான். கட்டிய நிலையில் அது சாது.

இந்தச் சாதுவைச் செல் வைத்திருக்கும் இடத்துக்குக் கொழுப்புத் துளி என்று பெயர். தாளித்து இறக்கிய ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய் வட்டங்களைக் கரண்டி நுனியால் நெருக்கிப் பாருங்கள்: இரண்டும் தொட்ட மாத்திரத்தில் ஒன்றாகிவிடும். செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் துளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தாலும் அப்படிச் சுலபத்தில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒவ்வொரு துளிக்கும் ஒரு போர்வை உண்டு. செல்லின் மற்ற சவ்வுகள் எல்லாம் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று உண்டாக்குபவை. கொழுப்புத் துளியின் போர்வை மட்டும் ஓரடுக்கு. தண்ணீரை விரும்பும் தலை வெளியே பார்த்தபடி, விரும்பாத வால் உள்ளே எண்ணெயில் அமிழ்ந்தபடி நிற்கும். அதன் மேல் புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

துளி பிறக்கும் விதம் இன்னும் விசித்திரமானது. டிரைகிளிசரைடைக் கட்டும் நொதிகள் எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னல் என்னும் சவ்வுத் தொகுதியில் இருக்கின்றன. உண்டான எண்ணெய்க்குத் தண்ணீர்ப் பக்கம் போக வழியில்லை என்பதால், சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவிலேயே தேங்குகிறது. தேங்கித் தேங்கி வில்லை வடிவில் புடைத்து, ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வருகிறது. அப்படி வரும்போது ஓரடுக்கையும் போர்த்திக்கொண்டு வந்துவிடுகிறது. பிதுங்கும் வாயில் செய்பின் என்ற புரதம், மனிதர்களிடம் 11 துண்டுகள் சேர்ந்த வளையமாக, உட்கார்ந்திருக்கிறது.

செய்பினுக்கு அந்தப் பெயர் ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது. 1950-களில் பிரேசிலில் பெரார்டினெல்லியும் நார்வேயில் மார்ட்டின் சைப்பும், உடம்பில் கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் தசைகளும் நரம்புகளும் எடுப்பாகத் தெரியும். பயில்வான் போன்ற தோற்றம். கொழுப்பே இல்லாதவர்களுக்கு ஆரோக்கியம் கொழிக்க வேண்டுமே? நேர்மாறாக, அவர்களுக்குக் கல்லீரல் வீங்கியிருக்கும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு எக்கச்சக்கமாக இருக்கும், இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வரும். தின்ற கொழுப்பு தங்க இடமில்லாமல் கல்லீரலிலும் தசையிலும் போய் அடைகிறது. இவர்களில் ஒரு பிரிவினரிடம் பழுதாகியிருந்த மரபணுவை 2001-இல் கண்டுபிடித்தார்கள்; அது உண்டாக்கும் புரதத்துக்கு சைப்பின் பெயரையே வைத்தார்கள். தொப்பையைத் திட்டுகிறவர்கள் இந்தக் குழந்தைகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நியாயம்.

உயிரியலாளர்களும் நெடுங்காலம் கொழுப்புத் துளியை மதித்ததில்லை. செல்லுக்குள் கிடக்கும் வெறும் எண்ணெய் என்றுதான் இருந்தார்கள். 1991-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கான்ஸ்டன்டைன் லாண்டோஸின் குழு, துளியின் போர்வை மீது பெரிலிப்பின் என்ற புரதத்தைக் கண்டது. அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் புரதமாக இல்லை, காவலாளியாக இருந்தது. சாப்பிட்டு முடித்து ரத்தத்தில் இன்சுலின் ஏறியிருக்கும் வேளையில், கொழுப்பை உடைக்கும் நொதிகளைப் பெரிலிப்பின் கிட்டே சேர்ப்பதில்லை. பசித்தாலோ ஓடினாலோ பயந்தாலோ அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சுரக்கின்றன. அப்போது பெரிலிப்பின் மீது பாஸ்பேட் குழுக்கள் ஏறி உட்கார, அது வழிவிடுகிறது.

உள்ளே நுழைந்து உடைப்பது யார்? ஹார்மோனுக்குக் கட்டுப்படும் லிப்பேஸ் என்ற ஒரே நொதிதான் என்று பாடப்புத்தகங்கள் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. 2000 வாக்கில் அந்த நொதியே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை உருண்டு திரண்டு கொழுத்திருக்க வேண்டும். கொழுக்கவில்லை. தம் பாட்டுக்குக் கொழுப்பை உடைத்துக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றின் திசுக்களில் டைகிளிசரைடு, அதாவது மூன்றில் ஒன்று மட்டும் கழன்ற மிச்சம், குவிந்திருந்தது. அப்படியானால் முதல் முடிச்சை அவிழ்க்கும் கை வேறொன்று. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னரின் குழு 2004-இல் அந்தக் கையைப் பிடித்தது. ஏ.டி.ஜி.எல். என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். இது முதல் கொழுப்பு அமிலத்தைக் கழற்றுகிறது, பழைய லிப்பேஸ் இரண்டாவதை, வேறொரு நொதி மூன்றாவதை.

இரண்டாண்டு கழித்து ஏ.டி.ஜி.எல். இல்லாத எலிகளைப் பற்றி அதே குழு எழுதியது. அந்த எலிகள் கொழுத்தன; ஆனால் கொழுப்பால் சாகவில்லை, அதை எடுக்க முடியாமல் செத்தன. இதயத் தசை செல்கள் முழுக்கக் கொழுப்புத் துளிகள் பெருகி, இதயம் செயலிழந்து, ஆயுள் முடியும் முன்பே இறந்தன. இதயம் தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கைக் கொழுப்பை எரித்தே பெறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சாவின் கொடுமை புரியும். எண்ணெயில் ஊறிக்கொண்டே எரிபொருளில்லாமல் நின்றுபோன இதயம்.

முடிச்சு அவிழ்ந்த கொழுப்பு அமிலம் செல்லை விட்டு ரத்தத்துக்கு வருகிறது. அங்கே ஆல்புமின் என்ற புரதம் அதைத் தன் மடிப்புகளுக்குள் செருகிக்கொள்கிறது. இங்கும் தனியே விடுவதில்லை. தசை செல்லுக்குள் நுழைந்ததும் அதற்கென்றே இருக்கும் வேறொரு புரதம் ஏந்திக்கொள்கிறது. அங்கிருந்து நேரே அடுப்புக்குத்தான் போகும் என்று நினைப்போம். பல சமயம் போவதில்லை. தசை செல்லே தனக்கென்று சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகளை வைத்திருக்கிறது, வந்தது மறுபடி டிரைகிளிசரைடாகி அதில் ஏறுகிறது. இந்தத் தசைக் கொழுப்பு ஒரு புதிரையும் கிளப்பியது. சர்க்கரை நோயாளிகளின் தசையில் கொழுப்பு அதிகம், அதனால்தான் இன்சுலின் வேலை செய்வதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நன்றாகப் பயிற்சி பெற்ற நெடுந்தூர விளையாட்டு வீரர்களின் தசையிலும் அதே அளவு கொழுப்பு இருப்பதை 2001-இல் அளந்து காட்டினார்கள். அவர்களுக்கு இன்சுலின் அருமையாக வேலை செய்தது. எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு சுறுசுறுப்பாக உள்ளே வந்து வெளியே போகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வீரரின் துளிகள் ஓட்டத்தில் காலியாகி, சாப்பாட்டில் நிரம்பி, மறுபடி காலியாகின்றன.

எரிப்பதற்குமுன் ஏன் இந்தச் சுற்றுவழி? இதற்கு விடை கண்ணால் பார்க்கும்படி கிடைத்தது 2015-இல். ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸின் குழுவினர், சிவப்பாக ஒளிரும் கொழுப்பு அமிலத்தை எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களுக்கு ஊட்டினார்கள். ஊட்டியது செல்லின் துளிகளில் போய் ஏறியதும், செல்களை மாற்றிச் சத்தே இல்லாத திரவத்தில் போட்டுப் பட்டினி வைத்தார்கள். நுண்ணோக்கியின் கீழே சிவப்பு நிறம், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல, உருண்டையான துளிகளை விட்டு நீண்ட மைட்டோகாண்ட்ரியாக்களுக்கு இடம் மாறியது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அந்தக் கடும்பட்டினியில் செல்லின் துளிகள் குறையாமல் கூடியது. வெளியே உணவில்லாதபோது கொழுப்பு எங்கிருந்து வந்தது? செல் தன்னுடைய பழைய சவ்வுகளையே விழுங்கிச் செரித்துக்கொண்டிருந்தது. அப்படிக் கிடைத்த கொழுப்பு அமிலத்தைக்கூட அது நேரே மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பவில்லை. முதலில் துளியில் கட்டி வைத்து, பிறகு ஏ.டி.ஜி.எல். கையால் அளவாக அவிழ்த்துக் கொடுத்தது. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஓல்ஸ்மனின் குழு இரண்டாண்டு கழித்து, கட்டும் நொதியைத் தடுத்துப் பார்த்தது. துளியில் ஏற வழியில்லாத கொழுப்பு அமிலம் ஒரேயடியாக மைட்டோகாண்ட்ரியா மீது பாய, மைட்டோகாண்ட்ரியாதான் பழுதானது. சாகும் தறுவாயில் இருக்கும் செல்கூட எரிபொருளைத் தவணை முறையில்தான் கேட்கிறது.

அதே 2015 ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பட்டினி கிடக்கும் செல்லில் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட குழாய் வலைகளாகிவிடுகின்றன. ஏதோ ஓரிடத்தில் துளியைத் தொட்டு வாங்கிய கொழுப்பு அமிலம் வலை முழுவதும் பரவுகிறது. இணைய முடியாதபடி மரபணுவைக் கெடுத்தபோது, சில மைட்டோகாண்ட்ரியாக்களுக்கு மிதமிஞ்சிக் கிடைத்தது, சிலவற்றுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மிஞ்சியது துளிக்கே திரும்பியது அல்லது செல்லை விட்டே வெளியேறியது. பசியில் வாடும் செல், கிடைத்த உணவை வெளியே கொட்டியது.

தொட்டு வாங்குவது என்றேன். சொல்லளவில் இல்லை, உண்மையிலேயே தொடுகின்றன. தசையிலும் இதயத்திலும் பெரிலிப்பின் குடும்பத்தின் ஐந்தாவது உறுப்பினர் துளியின் மேல் நின்று, தன் வால் முனையால் மைட்டோகாண்ட்ரியாவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த வால் பிடிக்கும் ஆள் யார் என்று 2023-இல் சாரா கோஹனின் குழு காட்டியது: மைட்டோகாண்ட்ரியாப் பக்கம் இருக்கும், கொழுப்பு அமிலத்தை வாங்கி உடனே வேலைக்குத் தயார்ப்படுத்தும் ஒரு புரதம். அவிழ்ப்பதும் வாங்குவதும் ஒரே இடத்தில் நடக்கும்போது, தண்ணீரில் அலையவிட வேண்டிய தூரம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஒட்டியிருக்கும் எல்லா மைட்டோகாண்ட்ரியாவும் எரிப்பதற்கே ஒட்டியிருக்கின்றன என்றும் முடிவு கட்ட முடியாது. எலியின் பழுப்புக் கொழுப்பில், துளியோடு ஒட்டிய மைட்டோகாண்ட்ரியாக்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, அவை கொழுப்பை எரிப்பதைவிடத் துளியை வளர்க்க உதவுவதிலேயே மும்முரமாக இருந்தன. கொழுப்பைக் கட்டவும் சக்தி வேண்டும். அதைப் பக்கத்தில் நின்றே கொடுத்துக்கொண்டிருந்தன.

இனி கடைசிக் கதவு. கொழுப்பு அமிலத்தோடு கோ-என்சைம் ஏ என்ற அடையாளம் கோக்கப்பட்ட பிறகுதான் அதை எரிக்க முடியும். ஆனால் அந்த அடையாளத்தோடு மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்ட முடியாது. அதனால் வெளிச்சவ்வில் ஒரு நொதி, அடையாளத்தைக் கழற்றிவிட்டுக் கார்னிட்டின் என்ற சின்ன மூலக்கூறை மாட்டுகிறது. கார்னிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு கொழுப்பு அமிலம் உள்ளே போகிறது. உள்ளே இன்னொரு நொதி கார்னிட்டினைக் கழற்றிப் பழைய அடையாளத்தை மாட்டுகிறது. கழன்ற கார்னிட்டின் அடுத்ததை அழைத்துவர வெளியே திரும்புகிறது. 1905-இல் மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது இது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அரை நூற்றாண்டு கழித்து, 1955-இல், இர்விங் ஃப்ரிட்ஸ் இதைக் கல்லீரலோடு சேர்த்துப் பார்த்தபோது கொழுப்பு விறுவிறுவென்று எரிந்தது. அந்தக் கீர்த்தியை வைத்துத்தான் உடற்பயிற்சிக் கூடங்களில் கார்னிட்டின் மாத்திரை விற்கிறார்கள். ஆரோக்கியமான உடல் வேண்டிய அளவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. விழுங்குவது சுலபத்தில் தசைக்குள் ஏறுவதும் இல்லை. வாங்குபவரின் பர்ஸ் இளைக்கும்.

இந்தக் கதவுக்குப் பூட்டும் உண்டு. டல்லஸ் நகரில் டெனிஸ் மெக்காரியும் டேனியல் ஃபாஸ்டரும் 1977-இல் அதைக் கண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கல்லீரல் மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்த வேலையின் முதல் படியில் உண்டாகும் மலோனைல் கோ-ஏ என்ற பொருளே போய்க் கார்னிட்டினை மாட்டும் நொதியை முடக்கிவிடுகிறது. கொழுப்பு உண்டாகிக்கொண்டிருக்கும் வரை எரிக்கும் கதவு திறக்காது. ஒரு கையால் கட்டி மறு கையால் கொளுத்தும் பைத்தியக்காரத்தனம் நடக்காமல் இருக்க, தனியாக ஒரு மேற்பார்வையாளர் தேவைப்படவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி அதிகம் தெரியாத காலத்திலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். 1904-இல் ஜெர்மனியின் ஃபிரான்ட்ஸ் நூப், கொழுப்பு அமிலங்களின் வால் நுனியில் பென்சீன் வளையம் ஒன்றைக் கோத்து நாய்களுக்குக் கொடுத்தார். அந்த வளையத்தை நாயின் உடம்பால் உடைக்க முடியாது. கொழுப்பு அமிலம் எப்படித் துண்டானாலும் வளையம் கடைசித் துண்டோடு சிறுநீரில் வந்துதான் தீர வேண்டும். நூப் சிறுநீரைச் சோதித்தார். சங்கிலியில் கார்பன் ஒற்றைப்படையாக இருந்தால் வளையத்தோடு ஒரு கார்பன் மிஞ்சியது. இரட்டைப்படையாக இருந்தால் இரண்டு. நீளம் எதுவானாலும் இதே கதை. ஒவ்வொரு கார்பனாக வெட்டியிருந்தால் எல்லாம் ஒரே மாதிரி முடிந்திருக்கும். ஆகவே இரண்டிரண்டாக வெட்டுகிறது! மூலக்கூறில் அடையாளம் கட்டி அனுப்பிப் பின்தொடரும் உத்தி, கதிரியக்கத் தனிமங்கள் ஆய்வகத்துக்கு வருமுன்பே, நாயின் மூத்திரத்தை வைத்துச் செய்து முடிக்கப்பட்டது. இது நடப்பது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் என்று சிகாகோவில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் நிறுவியது 1940-களின் கடைசியில்.

நம் உடம்பில் சாதாரணமாகக் கிடைக்கும் பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்கள். ஏழு வெட்டில் எட்டுத் துண்டு. ஒரு மூலக்கூறிலிருந்து செலவு போகக் கிடைப்பது, செல்லின் சக்திச் சில்லறையான ஏ.டி.பி. ஏறத்தாழ 106. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று தருவது 30 சொச்சம். துண்டுகளின் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகி, ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து, மூக்கு வழியே போய்விடுகிறது.

இவ்வளவு சீராக நடக்கும் ஏற்பாட்டில் மூளை மட்டும் சேர்வதில்லை. மூளை கொழுப்பு அமிலத்தை எரிபொருளாக எடுத்துக்கொள்வது அரிது. அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். நீண்ட பட்டினியில் கல்லீரல் கொழுப்பு அமிலத்தைக் கீட்டோன்களாக மாற்றி அனுப்புகிறது. அவற்றை வைத்து மூளை சமாளிக்கும் என்று ஜார்ஜ் கேஹிலின் குழு 1967-இல் பாஸ்டனில், வாரக்கணக்கில் உண்ணாதிருந்த மூவரிடம் அளந்து காட்டியது. கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கவும் முடியும். ஆனால் அதற்கான சக்தி கொழுப்பை எரித்துத்தான் வர வேண்டும். பெரியவர்கள் ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆவதில்லை. சின்னக் குழந்தையின் கல்லீரலில் கிளைக்கோஜன் கொஞ்சம், உடம்போடு ஒப்பிட்டால் மூளை பெரிது. இரவு சாப்பிடாமல் தூங்கினால், விடிவதற்குள் கொழுப்பின் கதவைத் தட்டியாக வேண்டும்.

அந்தக் கதவு திறக்காவிட்டால் என்ன ஆகும்? பீகாரின் முசாஃபர்பூர் லிச்சிப் பழத்துக்குப் பேர்போன மாவட்டம். 1995 முதல் அங்கே பழம் பறிக்கும் மே, ஜூன் மாதங்களில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு விடியற்காலையில் திடீரென வலிப்பு வரும், நினைவு தப்பும், பலர் இறந்துபோவார்கள். மழை வந்ததும் நின்றுவிடும். சம்கி புகார் என்று ஊரில் பெயர். மூளைக்காய்ச்சல் வைரஸ் என்றார்கள், வெயில் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். ஆனால் பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் இயல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற டி. ஜேக்கப் ஜான், வைரஸையே வாழ்நாளெல்லாம் படித்தவர், இது வைரஸ் இல்லை என்றார். ரத்தச் சர்க்கரை சரிந்ததால் மூளை படுகிற பாடு இது, லிச்சியில் உள்ள நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும் என்று முகுல் தாஸோடு சேர்ந்து 2014-இல் எழுதினார்.

சந்தேகத்துக்கு முன்னுதாரணம் இருந்தது. ஜமைக்காவில் லிச்சியின் உறவான அக்கி என்ற பழத்தைக் காயாகத் தின்றவர்கள் வாந்தியெடுத்து, சர்க்கரை சரிந்து இறப்பது நெடுநாள் கதை. அதிலிருந்த ஹைப்போகிளைசின் என்ற நஞ்சை 1954-இல் பிரித்துவிட்டார்கள். லிச்சியின் விதையிலும் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற பொருள் இருப்பது 1960-களிலேயே தெரியும். நம் ஊர்ப் பூந்திக்கொட்டையும் அதே தாவரக் குடும்பம்தான். இந்த நஞ்சுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டாக வெட்டும் நொதிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடுகின்றன.

2014-இல் இந்திய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஆராய்ந்தன. அந்த ஆண்டு மே 26 முதல் ஜூலை 17 வரை இரண்டு மருத்துவமனைகளில் 390 பேர் சேர்க்கப்பட்டார்கள், 122 பேர் இறந்தார்கள். சர்க்கரை அளந்து பார்த்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு 70-க்கு மேல் இல்லை. சிறுநீரைச் சோதித்த 73 பேரில் 48 பேரிடம் அந்த நஞ்சுகளின் தடயம் இருந்தது; நோயில்லாத குழந்தைகளிடம் இல்லை. ரத்தத்தைப் பார்த்தபோது, 80 பேரில் 72 பேருக்குக் கார்னிட்டினோடு கோத்த கொழுப்பு அமிலங்களின் அளவுகள் தாறுமாறாக இருந்தன. கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வந்த கொழுப்பு, வேலை நடக்காமல் பாதி வழியில் தேங்கிப் போனதன் அடையாளம் அது. லிச்சி தின்றதும், முந்தின இரவு சாப்பிடாததும் நோய்க்கு வழிவகுத்தன என்று 2017-இல் அறிக்கை வெளியானது.

பழத்தின் மேல் மட்டும் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கிய குழந்தை அதே தோப்பில் அதே லிச்சியைத் தின்று மறுநாளும் விளையாடப் போனது. பகலெல்லாம் தோப்பில் உதிர்ந்த பழத்தையும் காயையும் பொறுக்கித் தின்று, இரவு சோறில்லாமல் படுத்த ஏழைக் குழந்தைதான் எழுந்திருக்கவில்லை. இரவு கட்டாயம் சாப்பாடு கொடுங்கள், வலிப்போடு வரும் குழந்தைக்கு முதலில் சர்க்கரையைப் பார்த்து உடனே குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று சொன்னார்கள். சில ஆண்டுகள் சாவு குறைந்தது. 2019-இல் மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

லிச்சியே தின்னாமல் இந்தக் கதவு அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. வெட்டும் நொதிகளில் ஒன்று பரம்பரையாகவே பழுதாக இருப்பதை எம்.கேட். குறைபாடு என்கிறார்கள். பால் நன்றாகக் குடிக்கும் வரை குழந்தையிடம் ஒரு குறையும் தெரியாது. ஒரு சளிக் காய்ச்சல் வந்து, சாப்பிட மறுத்து ஓர் இரவு தூங்கினால், காலையில் நினைவில்லாமல் கிடக்கும். காரணம் தெரியாத தொட்டில் மரணம் என்று முன்பு எழுதிவைத்தவற்றில் இதுவும் கலந்திருந்தது. இப்போது பல நாடுகளில் பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, முசாஃபர்பூரில் அளந்த அதே கார்னிட்டின் சேர்மங்களை அளந்து கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் நாட்டில் இந்தச் சோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவதில்லை. கேட்டால் செய்து தரும் மருத்துவமனைகள் இருக்கின்றன. கண்டுபிடித்த பிறகு விலை உயர்ந்த மருந்து எதுவும் தேவைப்படுவதில்லை. வேளாவேளைக்கு ஊட்ட வேண்டும், இரவில் இடைவெளி நீளக் கூடாது, காய்ச்சலில் சாப்பிட மறுத்தால் விடியட்டும் என்று காத்திராமல் குளுக்கோஸ் ஏற்றக் கொண்டுபோக வேண்டும்.